சுமையென்று சொன்னவர் யார்?

கடைத்தெருவிலே எத்தனையோ தராசுகள் உண்டு. அரிசி நிறுக்க ஒன்று, விறகு நிறுக்க ஒன்று, பொன் நிறுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே காற்றுப் படாமல் காத்துவைத்த சின்னஞ்சிறு தராசு ஒன்று. இவையெல்லாம் முத்திரையிடப்பட்டவை. முறைப்படி அதிகாரி வருகிறார், சோதிக்கிறார், குற்றம் கண்டால் தண்டம் விதிக்கிறார். ஆனால் முத்திரையிடப்படாத தராசு ஒன்றும் நம் நாட்டிலே உண்டு. அதற்குத் தட்டு இல்லை, தண்டு இல்லை, படிக்கல்லும் இல்லை. கூடத்திலே சமுக்காளம் விரித்து, கேசரித் தட்டுக்கும் காப்பித் தம்ளருக்கும் நடுவே நாலு பேர் அமர்ந்து, எதிரே தலைகுனிந்து நிற்கும் பெண்ணைக் கண்ணாலேயே நிறுத்துவிடும் தராசு அது!

எடை கூடினால் பொருளுக்கு விலை கூடும் என்பது சந்தையின் நியதி. இந்தத் தராசின் நியதி வேறு. பெண்ணின் எடை கூடினால் பெண்ணின் மதிப்புக் குறையும். அவள் தந்தை தரவேண்டிய பொன்னின் எடை மட்டும் கூடும்! எந்தக் கணக்கு வாத்தியார் கற்றுக்கொடுத்த கணக்கு இது? ஏட்டிலே உண்டா? அறிவிலே உண்டா? வழக்கத்திலே உண்டு, ஆகவே கேள்வி கூடாது என்பார்கள். வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னே ஒளிந்துகொண்டு எத்தனை வழிப்பறி நடந்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் நாம்.

திரைப்படக்காரர்களும் தமக்கென ஒரு தராசு வைத்திருக்கிறார்கள். கொடியிடை, நூலிடை, உண்டோ இல்லையோ என்று ஐயுறத்தக்க இடை என்று புலவர்கள் பாடியதையெல்லாம் படப்பிடிப்புக் கூடத்தின் சட்டமாக்கிவிட்டார்கள். பருத்த உடல் கொண்ட பெண் படத்திலே வருவாள். வந்தால் நாற்காலி முறியும், வண்டி சாயும், தாம்பாளம் காலியாகும், கொட்டகை சிரிக்கும். அவளுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இராது. அவள் காதலித்தால் அது நகைச்சுவை. அவளை ஒருவன் காதலித்தால் அது அதைவிடப் பெரிய நகைச்சுவை. அவளைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, அவளோடு சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அப்படித் தோன்றிய சிலர் எடுத்த படம் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் வெளிவந்த ‘தம் லகா கே ஹைஷா’ என்னும் இந்திப் படம். எழுதி இயக்கியவர் சரத் கட்டாரியா. இந்திப் படமா என்று புருவத்தை உயர்த்தும் தோழரே, சற்றுப் பொறும்! ஒரு மொழி நம்மீது திணிக்கப்படுவதை எதிர்ப்பது வேறு. அந்த மொழி பேசும் சிற்றூர்ப் பெண்ணின் சிரிப்பையும் கண்ணீரையும் அறிந்துகொள்வது வேறு. அடிமைத்தளைக்கு மொழி எல்லை இல்லையென்றால், அதை அறுக்கும் கத்தரிக்கோலுக்கு மட்டும் எல்லை எதற்கு?

படத்தின் பெயரே ஒரு கூவல். பாரம் தள்ளுவோரும் கயிறு இழுப்போரும் மூச்சை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள எழுப்பும் கூவல். நம் கடற்கரையிலே வலை இழுப்பவர் ‘ஏலேலோ ஐலசா’ என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு. கதை நடக்கும் இடம் கங்கைக்கரை அரித்துவார். காலம் 1995. உத்தராகண்டம் தனி மாநிலமாக 2000ஆம் ஆண்டு நவம்பர் 9இல்தான் பிறந்தது. கதை நடக்கும் காலத்தில் அந்த ஊர் உத்தரப் பிரதேசத்தில் இருந்தது. பாவம் தொலையும் என்று பல ஊரார் வந்து மூழ்கும் ஊர். மூழ்கி எழுந்த ஈரம் காயுமுன்னே, பெண்ணைப் பெற்றவனிடம் பேரம் பேச உட்கார்ந்துவிடுகிறார்களே, அந்தப் பாவத்தைக் கழுவ எந்தப் படித்துறை இருக்கிறது?

கதைத் தலைவன் பிரேம் பிரகாஷ் திவாரி. வேடம் ஏற்றவர் ஆயுஷ்மான் குரானா. பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாதவன். ஆங்கிலப் பாடம் அவன் காலை வாரிவிட்டது. தந்தையின் ஒலிநாடாக் கடையிலே உட்கார்ந்து, கேட்பவருக்குக் கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுப்பது தொழில். பாடகர் குமார் சானுவின் பித்தன். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் பிலிம்பேர் பரிசு பெற்ற பாடகர் அவர். ஆகவே அந்தப் பித்துக்குக் காலம் பொருத்தமே. காலையிலே ஷாகாவுக்குப் போய்ப் புலனடக்கத்தின் பெருமையைக் கேட்பான். மாலையிலே காதற் பாட்டைப் பதிந்து விற்பான். தந்தைக்கு அஞ்சுவான், தனக்கென ஒரு முடிவும் எடுக்கத் துணியமாட்டான். ஆனால் மனைவி மட்டும் திரையிலே ஆடும் அழகியாக வரவேண்டும் என்று எண்ணுவான். எத்தனை ஊரில், எத்தனை தெருவில், இப்படி எத்தனை பிரேம்கள்!

கதைத் தலைவி சந்தியா வர்மா. பூமி பெட்னேகர் என்னும் நடிகைக்கு அதுவே முதற்படம். சந்தியா பி.எட். படித்தவள். ஆசிரியராக வேண்டும் என்பது அவள் குறிக்கோள். உடல் பருத்தவள். தோழர்களே, இந்த மூன்று செய்திகளும் எந்த வரிசையிலே சொல்லப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். ஊரார் மூன்றாவதை முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவளோ அந்த மூன்றாவதை ஒரு குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒளிந்து நடப்பதில்லை, உண்பதற்கு நாணுவதில்லை, கணவன் அருகே வருவதற்கு மன்னிப்புக் கேட்பதில்லை. மணமான புதிதிலே தானே கடைக்குப் போய் இரவு உடை வாங்கிவருகிறாள். ஆசைப்படும் உரிமை இடையளவைப் பொறுத்தது என்று அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

அப்படியானால் பிரேமின் வீட்டார் அவளை ஏன் ஏற்றார்கள்? உடலைத் தாண்டி உள்ளத்தைக் கண்டார்களோ? அவர்கள் கண்டது சம்பளத்தை! படித்த பெண், நாளைக்கு ஆசிரியர் வேலை வரும், மாதம் பிறந்தால் பணம் வரும். வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. மொத்தமாக வாங்கினால் குற்றம். மாதந்தோறும் மருமகள் கையாலேயே வாங்கினால்? தவணை முறையிலே வரும் வரதட்சணைக்குச் சட்டத்திலே பிரிவு ஏது! பல இணைகளுக்கு ஒரே பந்தலில் நடக்கும் கூட்டுத் திருமணத்திலே இருவரும் மாலை மாற்றுகிறார்கள். செலவும் மிச்சம், வருமானமும் உறுதி. கணக்கு நேராயிற்று, வாழ்க்கைதான் கோணலாயிற்று.

பிரேமும் ஒரு வகையில் விற்கப்பட்டவனே என்று வாதிடலாம். அவன் விருப்பத்தை எவர் கேட்டார்? உண்மைதான். ஆனால் விற்கப்பட்ட இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்து ‘நீ மட்டமான சரக்கு’ என்று இகழ உரிமை பெறுகிறாரே, அந்த உரிமை எங்கிருந்து வந்தது? ஆண் என்ற ஒரே தகுதியிலிருந்து வந்தது. அடிமையாயினும் தனக்குக் கீழே ஓர் அடிமை இருந்தால் ஆறுதல் அடையும் மனநிலை நமக்குப் புதிதன்று. சாதியின் ஏணியிலே நாம் பார்த்ததைத்தான் இந்தப் படம் படுக்கையறையிலே காட்டுகிறது.

நண்பன் திருமணத்திலே குடித்துவிட்டு, மனைவியோடு படுப்பது நரகம் என்று நண்பர் நடுவே உளறுகிறான் பிரேம். அவள் அங்கேயே நிற்கிறாள்; கேட்கிறாள். பழைய படமாயிருந்தால் என்ன நடந்திருக்கும்? முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள், தலையணை நனைய அழுதிருப்பாள், சாமி படத்தின் முன்னே மண்டியிட்டு ‘என்னை ஏன் இப்படிப் படைத்தாய்’ என்று ஒரு பாட்டுப் பாடியிருப்பாள். சந்தியா அறைந்தாள்! ஊர் பார்க்க அறைந்தாள். அவனும் திருப்பி அறைந்தான். கை நீட்டுவதைப் போற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அடுத்து அவள் செய்ததைத்தான் போற்றுகிறேன். பெட்டியைக் கட்டினாள், பிறந்தகம் போனாள், நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்டாள். அறை கோபத்தின் வேலை. மனு அறிவின் வேலை.

அந்தக் காட்சி என் தமக்கையை நினைவூட்டியது.

என் அக்கா தொலைபேசி நிலையத்திலே பணி செய்தவர். எங்கள் ஊர் சிறிய ஊர். யார் வீட்டில் யார் பருத்தார், யார் இளைத்தார் என்பது அஞ்சல் தலை ஒட்டாமலே தெருத் தெருவாகப் போய்ச் சேரும். அக்காவை ஊரார் ‘பூசினாற்போல’ என்பார்கள். நம் மக்களின் நாகரிகமே நாகரிகம்! கத்தியைக்கூட வெண்ணெய் தடவித்தான் இறக்குவார்கள். உறவுப் பெண்கள் அவருக்கு இலவச ஆலோசனை வழங்குவார்கள். பருத்த உடம்புக்குக் கருநீலம்தான் பொருந்தும், பெரிய பூப்போட்ட சேலை கூடாது, கட்டம் போட்டது கூடவே கூடாது. அக்கா மாம்பழ மஞ்சளிலே, கையகலக் கட்டம் போட்ட சேலை உடுத்தி, வெயிலிலே குடை விரித்து, கடைத்தெரு நடுவே வேலைக்குப் போவார். ‘நான் இருப்பது எல்லோருக்கும் தெரியத்தானே போகிறது, நன்றாகவே தெரியட்டும்’ என்பார்.

அந்த அக்காவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. நான் பஜ்ஜித் தட்டு ஏந்தும் பதவியில் இருந்தேன். ஆகவே எல்லாவற்றையும் அருகிருந்து கண்டேன். மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான்கள் இரண்டு அவர் வயிற்றோடு மல்லுக்கு நின்றன. அவரை நிறுக்க அந்தக் கூடத்திலே தராசு இல்லை. அக்காவை நிறுத்து முடித்த அவருடைய தாயார் தீர்ப்பு வழங்கினார்: “பெண் இலட்சணமாகத்தான் இருக்கிறாள். கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள், அவ்வளவுதான். முப்பது பவுன் என்று பேசியதை நாற்பது என்று வைத்துக்கொள்ளலாம். தை பிறப்பதற்குள் பெண்ணும் கொஞ்சம் இளைத்துவிட்டால் நல்லது.”

அம்மா தலையாட்டத் தொடங்கினார். அப்பா விட்டத்தைப் பார்த்தார். அக்கா மட்டும் அமைதியாகக் கேட்டார்: “அம்மா, எனக்கு ஒரே ஓர் ஐயம். தை பிறந்து நான் இளைத்தும் விட்டால், அந்தப் பத்துப் பவுனைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா?”

பஜ்ஜி ஆறியது. காப்பி ஆறியது. வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

இங்கே கதையை முடித்தால் கைதட்டலோடு முடிந்துவிடும். வாழ்க்கை அங்கே முடியவில்லை. ‘வாயாடி’ என்ற பட்டம் எங்கள் வீட்டு வாசலிலே வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா மூன்று நாள் அழுதார். அடுத்து வரவிருந்த வரன் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. பருமனை மன்னிக்கும் விலை பத்துப் பவுன். வாயை மன்னிக்க விலையே கிடையாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அக்கா மணம் செய்துகொள்ளவில்லை. பணியிலே உயர்ந்தார், தம் பெயரில் வீடு கட்டினார், ஓய்வு பெற்றார். ‘துணிவுக்கு விலையில்லை’ என்று எழுதுவது எளிது. அந்த விலையைத் தவணை தவறாமல் கட்டியவரை நான் அறிவேன். அதனால்தான், திரையில் சந்தியா தன் வீட்டுக்குத் திரும்பியபோது அங்கே வரவேற்பு வளைவு எதுவும் கட்டியிருக்கவில்லை என்பதைப் பார்த்து, இது பொய் சொல்லாத படம் என்று நம்பினேன். கணவனை விட்டு வந்தவளைத் தாய்வீடு எப்படிப் பார்க்கும் என்பதை எடுத்தவர் அறிந்திருக்கிறார். பிரேமின் வீட்டிலேயே, கணவனால் கைவிடப்பட்டு அண்ணன் நிழலில் காலம் தள்ளும் அத்தை ஒருத்தி இருக்கிறாள். மணவிலக்கு என்ற சொல்லை உச்சரிக்க முடியாத தலைமுறையும், மனு எழுதிக் கொடுத்த தலைமுறையும் ஒரே கூரையின் கீழ்!

நீதிமன்றம் என்ன செய்கிறது? 6 மாதம் ஒன்றாக வாழ்ந்து பாருங்கள் என்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், இருவரும் ஒப்பி மணவிலக்குப் பெறும் வழி 1976இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கும் 6 மாதம் காத்திருக்கவேண்டும் என்று விதித்தார்கள். மீண்டும் சேரும் வாய்ப்பே இல்லையென்று கண்டால் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்சநீதிமன்றம் 2017இல் கூறியது. படம் நடக்கும் 1995இல் அந்த வசதி ஏது? சேர்த்து வைக்கும்போது ஒரு நாளில் நாள் குறித்துவிடுகிறார்கள். பிரிந்துபோக மட்டும் ஆற அமர யோசிக்கச் சொல்கிறார்கள். யோசனையை முன்னாலேயே செய்திருக்கக்கூடாதா?

அந்த 6 மாதத்திலேதான் படத்தின் நகைச்சுவை பழுக்கிறது. இருவரும் நேரிலே பேசுவதில்லை. கேசட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாட்டாலேயே சண்டையிடுகிறார்கள். அவள் ஒரு வசைப்பாட்டு ஓடவிட்டால், அவன் ஒரு பதிற்பாட்டு ஓடவிடுகிறான். எந்தச் சிற்றூரானும் இதைப் புரிந்துகொள்வான். வாய் திறந்து பேசக் கற்றுக்கொடுக்காத வீடுகளிலே பாட்டுத்தான் பலருக்கு நாக்கு. அந்த நாக்கையும் காலம் பறிக்கிறது. குறுந்தகடு வருகிறது, ஒலிநாடாக் கடை தள்ளாடுகிறது. நேற்றுவரை தனக்கு மேல் எவருமில்லை என்றிருந்தவன், தானும் சந்தையிலே மதிப்பிழக்கும் சரக்காகலாம் என்று உணர்கிறான். அவள்மீது வீசிய சொல் தன்மீதே திரும்பும்போதுதான் அதன் எடை அவனுக்குத் தெரிகிறது.

இறுதியிலே ஒரு பந்தயம். மனைவியை முதுகிலே சுமந்துகொண்டு கணவன் ஓடவேண்டும். கற்பனை என்று எண்ணவேண்டா. பின்லாந்து நாட்டின் சொன்காயார்வி என்னும் ஊரிலே 1992 முதல் இப்படி ஒரு பந்தயம் நடக்கிறது. ஓடவேண்டிய தொலைவு 253.5 மீட்டர். வென்றவருக்குப் பரிசு, சுமக்கப்பட்ட பெண்ணின் எடைக்கு எடை பீர்! மதுவை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். அந்த ஊரிலே பெண்ணின் எடை கூடினால் பரிசு கூடும். நம் ஊரிலே தண்டம் கூடும்.

பிரேம் சந்தியாவைச் சுமந்து ஓடுகிறான், வெல்கிறான், வென்ற பிறகும் இறக்கிவிட மனமின்றித் தூக்கிக்கொண்டே போகிறான். யாரைச் சுமையென்று இகழ்ந்தானோ அவளைச் சுமப்பதே அவனுக்குப் பெருமையாகிறது. கொட்டகையிலே கண் கசிந்திருப்பார்கள். நான் இந்தப் படத்தைத் தொலைக்காட்சியிலே, அக்காவின் வீட்டிலே, அக்காவோடு அமர்ந்து பார்த்தேன். எனக்கும் கண் கசிந்தது. அக்காவுக்குக் கசியவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “அவன் 5 நிமிடம் சுமந்தான், கோப்பை கொடுத்தார்கள். கல்யாணம் ஆன நாள்முதல் அவனையும் அவன் வீட்டையும் அந்தப் பெண் சுமந்தாளே, தம்பி, அதற்கு எந்த ஊரிலே பந்தயம் நடத்துகிறார்கள்?”

பல திறனாய்வுகள் படித்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு ஈடான திறனாய்வைக் கண்டதில்லை. படத்தின் குறை அதுதான். அவள் மனுச் செய்தாள், வேலை தேடினாள், தன் காலில் நின்றாள். ஆனாலும் முடிவுக்கோட்டைத் தாண்டுவது அவன் காலால்தான். அவளுடைய மதிப்பு மெய்ப்பிக்கப்படுவது அவன் முதுகின்மேல்தான். மனம் மாறிய கணவனுக்குக் கோப்பை. மாறத் தேவையே இல்லாதிருந்தவளுக்குக் கணவன்! எனினும், குறை சொல்லும் அளவுக்கு அருகே வந்த படங்கள் எத்தனை? அந்த வகையில் இதை நான் மதிக்கிறேன். 2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளிலே இந்திமொழியின் சிறந்த படமாக இது தேர்வாயிற்று. பாட்டெழுதிய வருண் குரோவரும் பாடிய மோனாலி தாக்குரும் விருது பெற்றார்கள்.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். பூமி பெட்னேகர் இந்த வேடத்துக்காகவே ஏறத்தாழ 30 கிலோ எடை கூட்டினார் என்று ஏடுகள் எழுதின. படம் முடிந்து அவர் இளைத்த கதையும் ஏடுகளில் பெருஞ்செய்தியாயிற்று. அதே 2015இல், நவம்பர் 27ஆம் நாள், தமிழிலே ‘இஞ்சி இடுப்பழகி’ வந்தது. அதிலும் அனுஷ்கா தம் எடையைக் கூட்டிக்கொண்டு நடித்தார்; இளைக்கவைக்கும் மருந்தகங்களின் பித்தலாட்டத்தைச் சாடிய படம் அது. இருவர் உழைப்பையும் நான் பாராட்டுகிறேன். ஆனால் கேட்கத் தோன்றுகிறது: பருமனான பெண்ணின் வேடத்துக்கு, பருமனான பெண்ணையே அமர்த்தினால் என்ன? நாட்டிலே பஞ்சமா? அரசன் மாறுவேடத்தில் ஏழையாக உலவிவிட்டு அரண்மனை திரும்புவதைப்போல, பருமனும் ஒரு மாறுவேடமாக இருந்தால்தான் திரையுலகம் பொறுத்துக்கொள்ளும் போலும்!

‘பருமன் நோய் அல்லவா? நோயைப் போற்றலாமா?’ என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பகுத்தறிவாளர் கேட்கவேண்டிய கேள்விதான். மிகுந்த எடை சர்க்கரை நோய்க்கும் குருதியழுத்தத்துக்கும் இடம் கொடுக்கலாம் என்பது மருத்துவம் கண்ட உண்மை. அதை மறுப்பது அறிவாகாது. ஆனால் அதை அளப்பது யார் வேலை? எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு ஒன்று உண்டு. பெல்ஜிய அறிஞர் கெட்டலே 19ஆம் நூற்றாண்டிலே மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராயக் கண்ட கணக்கு. 1972இல் ஆன்சல் கீஸ் அதற்கு உடல் நிறைக் குறியீடு என்று பெயர் சூட்டினார். அந்தக் கணக்கேகூடத் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதனால்தான் மருத்துவர் அதோடு நிற்காமல் குருதியைச் சோதிக்கிறார். அறிவியலே இத்தனை தயக்கத்தோடு பேசும்போது, சமுக்காளத்தில் உட்கார்ந்து கேசரி விழுங்குகிறவர் கண்ணாலேயே நோய் கண்டுவிடுகிறாராம்! கண்டவர் மருந்து சொல்கிறாரா? பத்துப் பவுன் சொல்கிறார். எந்த நோய்க்குப் பவுன் மருந்து? உடல்நலத்திலே உண்மையான அக்கறை இருந்தால், பொத்தானோடு மல்லுக்கட்டும் மாப்பிள்ளையையும் அல்லவா நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்? இகழ்ச்சியால் இளைத்து நலம் பெற்றவர் எவருமில்லை. இகழ்ச்சிக்கு அஞ்சி மருத்துவரிடம் போகவே கூசியவர்கள் உண்டு.

இளைஞர்களே, மேடையிலே பெண்விடுதலை பேசுவது நமக்குப் பழக்கம். தாலியை ஆராய்வோம், சாத்திரத்தை ஆராய்வோம், சாதகக் கட்டத்தைக் கிழிப்போம். நன்று. சாதகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ‘பெண் ஒல்லியாக இருக்கவேண்டும்’ என்று தரகரிடம் தனியே சொல்லிவிடும் சீர்திருத்தக்காரன், பழைய கட்டத்தைக் கிழித்துப் புதிய கட்டம் போட்டவன்தான். பிறந்த நேரத்தைப் பார்த்து ஒருத்தியை ஒதுக்குவது மடமை என்றால், பிறந்த உடலைப் பார்த்து ஒதுக்குவதற்கு என்ன பெயர்?

விருப்பம் என்று ஒன்று இல்லையா, யாரையும் காதலித்தே தீரவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. எவரையும் மணக்க எவரும் கடன்பட்டவரல்லர். ஆனால் மறுப்பதற்கு ஒரு கண்ணியம் உண்டு. ஏற்பதற்கும் ஒரு நேர்மை உண்டு. வேண்டாமென்றால் அவள் வீட்டுக் கூடத்திலே போய் உட்கார்ந்து அவளை நிறுக்காதீர்கள். வேண்டுமென்றால் அவள் எடைக்குப் பொன் கேட்காதீர்கள். நண்பர் கூட்டத்திலே ஒருவன் ஒருத்தியின் உடலைச் சொல்லிச் சிரிக்கும்போது, அறையவேண்டாம்; கூடச் சிரிக்காமல் இருந்தால் போதும். சிரிப்பு நின்றால் அந்த நகைச்சுவை தானே சாகும். உங்கள் தங்கை தனக்குப் பிடித்த நிறத்திலே சேலை வாங்கட்டும். ‘உனக்கு இது பொருந்துமா’ என்ற கேள்வியைத் தொண்டையிலேயே நிறுத்துங்கள். வீட்டுக்கு வரன் வந்தால், பெண்ணைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளையிடமும் கேளுங்கள். பாதி வரன்கள் அன்றே ஓடிவிடும். மீதிப் பாதியோடு பேசலாம்.

முத்திரையில்லாத அந்தத் தராசு ஒரே நாளில் ஒழியாது. அதை ஊன்றியவர்கள் பலர். தலைமுறை தலைமுறையாக ஊன்றியிருக்கிறார்கள். பாரம் பெரிது. ஆனால் அந்தப் பாரம், தன்னம்பிக்கையோடு நிமிர்ந்து நிற்கும் எந்தப் பெண்ணும் அல்லள். அவள்மீது நாம் ஏற்றிவைத்த வழக்கமே பாரம். தள்ளுவோர் பலர் வேண்டும். மூச்சைப் பிடியுங்கள், தோழர்களே!